அமெரிக்க ஓய்வூதியரின் மருந்துச் செலவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொழும்பில் வாழும் எமது வாசகர்கள் பலருக்கு அமெரிக்காவில் முதுமையைக் கழிக்கும் பெற்றோரோ, உடன்பிறந்தவர்களோ இருக்கிறார்கள். அங்கே 65 வயதை எட்டியவர்களுக்குரிய அரச மருத்துவக் காப்புறுதி மெடிகெயார் எனப்படும். அதில் வைத்தியரின் சிட்டைக்கு வாங்கும் மருந்துகளுக்கான பிரிவு டி பகுதி; அதைத் தனியார் காப்புறுதிக் கம்பனிகள் நடத்தும் திட்டங்களின் மூலமே பெறுகிறார்கள். 2022 ஒகஸ்டில் கையொப்பமிடப்பட்ட ஒரு சட்டம் அந்தப் பிரிவின் கணக்கைத் தலைகீழாக மாற்றியிருக்கிறது. அது பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

வெள்ளவத்தை வாசகி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்காவுக்கு 74 வயது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத காரணத்தால் எலிகுவிஸ் குளிசையை நாளுக்கு இரண்டு வேளை எடுக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். சீனி வியாதிக்கு ஜார்டியன்ஸும் எடுக்கிறார். ஆனால் ஆண்டின் நடுவில் மருந்துக் காசு திடீரென்று ஏறிவிடும் என்று பயந்து, எலிகுவிஸை ஒரு வேளை மட்டும் போட்டு மிச்சம் பிடிக்கிறார். இப்போது அந்த விதி மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. தங்கள் அக்காவுடன் அடுத்த முறை பேசும்போது முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுவே. செலவுக் கணக்கைச் சொல்வதற்கு முன் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். எலிகுவிஸ் இரத்தம் உறைவதைத் தடுத்து மூளையில் பக்கவாதம் வராமல் காக்கும் மருந்து. அதன் வேலை உடலில் அரை நாளளவு நிலைப்பதால்தான் இரண்டு வேளை எழுதித் தருகிறார்கள். ஒரு வேளையை விட்டுவிட்டால் நாளின் ஒரு பகுதி காவலின்றிப் போகிறது. அக்கா இவ்வாறு குறைத்து எடுப்பதைத் தமது வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் அளவுக்கு உடனே திரும்ப வேண்டும்.

அக்காவின் பயம் வெறும் கற்பனை அன்று. டி பகுதி 2006 ஜனவரியில் தொடங்கியபோது அதன் அடிப்படைத் திட்டத்தில் முதல் 250 டொலரை நோயாளியே கட்டினார். அதன்பின் மருந்துகளின் மொத்த விலை 2,250 டொலரை எட்டும் வரை காற்பங்கைக் கட்டினார். அங்கிருந்து 5,100 டொலர் வரை காப்புறுதி முற்றாக விலகி நிற்க, முழுவதையும் அவரே கட்ட நேர்ந்தது. ஆண்டின் நடுப்பகுதியில் அந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள்தான் குளிசையைப் பாதியாக உடைக்கவும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடவும் பழகினார்கள். 2010 இன் சுகாதாரச் சட்டம் அந்தப் பள்ளத்தைப் படிப்படியாக நிரப்பி, 2020 அளவில் அங்கும் நோயாளியின் பங்கைக் காற்பங்காகக் குறைத்தது. எனினும் ஆண்டுச் செலவுக்கு ஓர் உச்ச எல்லை அப்போதும் இருக்கவில்லை. மிக உயர்ந்த கட்டத்தை அடைந்த பின்னரும் மருந்து விலையில் ஐந்து வீதத்தைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். மாதம் பல்லாயிரம் டொலர் பெறுமதியான புற்றுநோய்க் குளிசை எடுப்பவருக்கு அந்த ஐந்து வீதமே பெருஞ்சுமை.

2022 இன் சட்டம் இந்த இரண்டையும் அகற்றியது. 2024 இல் அந்த ஐந்து வீதம் நீங்கியது. 2025 ஜனவரி முதல் இடைப்பள்ளம் முற்றாக ஒழிந்து, நோயாளி ஓர் ஆண்டில் மருந்துக்காகத் தம் கையிலிருந்து கொடுப்பது 2,000 டொலரைத் தாண்டக்கூடாது என்ற எல்லை வந்தது. அந்த எல்லை ஆண்டுதோறும் திருத்தப்படும்; 2026 இல் அது 2,100 டொலர். எல்லையைத் தொட்டவர், தமது திட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு டிசெம்பர் 31 வரை ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. ஆகவே ஆண்டின் பிற்பகுதியில் செலவு ஏறிய காலம் போய், பிற்பகுதியில் செலவு குறைகின்ற காலம் வந்திருக்கிறது.

தங்கள் அக்காவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மருந்துக் கம்பனிகளுடன் நேரடியாக விலை பேசும் அதிகாரத்தை அதே சட்டம் மெடிகெயாருக்கு முதன்முறையாகக் கொடுத்தது. முதலில் பேசி முடிக்கப்பட்ட பத்து மருந்துகளில் எலிகுவிஸும் ஜார்டியன்ஸும் இருக்கின்றன. அந்த விலைகள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு மாத எலிகுவிஸுக்குக் கம்பனி குறித்த விலை 521 டொலராக இருந்தது, பேசி முடித்த விலை 231 டொலர். ஜார்டியன்ஸ் 573 டொலரிலிருந்து 197 டொலர் ஆனது. அந்தப் பத்தில் உள்ள இன்னொரு சீனி வியாதி மருந்தான ஜனுவியாவின் வீழ்ச்சி இன்னும் பெரியது: 527 இலிருந்து 113 டொலர். இந்த மருந்துகளை டி பகுதித் திட்டங்கள் தங்கள் பட்டியலில் வைத்திருக்கவும் வேண்டும். காற்பங்கு கட்டும் ஒருவருக்கு மருந்தின் விலை குறைந்தால் கட்டும் பங்கும் தானாகவே குறைகிறது. சில திட்டங்கள் காற்பங்குக்குப் பதிலாக மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகையை அறவிடும். அத்தகைய திட்டத்தில் இருப்பவர், விலை குறைந்தும் தாம் கட்டும் தொகை மாறவில்லையே என்று காணக்கூடும். அக்காவின் திட்டம் எந்த வகை என்பதை மருந்தக ரசீதைப் பார்த்தே அறியலாம்.

கொட்டாஞ்சேனை வாசகர்: டெக்சஸில் இருக்கும் அப்பாவுக்கு மாதம் ஆயிரம் டொலர் அளவில் மருந்து தேவை. எல்லை வந்துவிட்டது என்று நம்பி ஜனவரியில் பார்மசிக்குப் போனவரிடம் எழுநூறு டொலருக்கு மேல் கேட்டார்களாம். ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. எல்லை என்பது ஆண்டு முழுவதற்கும் உரியது. அதை எட்டும் வரை பணம் கட்டத்தான் வேண்டும், அதிலும் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே கூடுதலாகக் கட்ட நேர்கிறது. அப்பாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2026 இல் காப்புறுதி பணம் கொடுக்கத் தொடங்குமுன் நோயாளி தாமே கட்ட வேண்டிய தொடக்கத் தொகை 615 டொலர் வரை இருக்கலாம். ஜனவரி மருந்தின் ஆயிரம் டொலரில் அந்த 615 முதலில் போகும். மிகுதி 385 இல் காற்பங்கு 96 டொலர் 25 சதம். ஆக 711 டொலர் 25 சதம். பெப்ரவரி முதல் ஜூன் வரை மாதம் 250 டொலர். ஜூலையில் 138 டொலர் 75 சதம் கட்டியதும் 2,100 நிறைந்துவிடுகிறது. ஓகஸ்ட் முதல் டிசெம்பர் வரை ஒன்றுமில்லை.

ஜனவரியில் ஒரேயடியாக அவ்வளவு தொகையைப் புரட்ட முடியாதவர்களுக்காக 2025 இல் ஒரு வழி திறக்கப்பட்டது. எந்த டி பகுதித் திட்டத்திலும் உள்ளவர், தமது பங்கை மருந்தகத்தில் கட்டாமல், திட்டத்திடமிருந்து மாதாந்தக் கட்டணப் பட்டியலாகப் பெற்றுத் தவணையில் கட்டலாம், வட்டி இல்லை. அப்பா ஆண்டுத் தொடக்கத்திலேயே இதில் சேர்ந்திருந்தால், ஜனவரிக்கு அவரிடம் கேட்கக்கூடிய ஆகக்கூடிய தொகை 2,100 இன் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 175 டொலர். பெப்ரவரியில் மீதி நிலுவையையும் அந்த மாதப் பங்கையும் கூட்டி, எஞ்சிய பதினொரு மாதங்களால் பிரிப்பார்கள். சுமார் 71 டொலர் வரும். பின்னர் அது மெல்ல மெல்லக் கூடிச் செல்லும். ஆண்டு முடிவில் கட்டிய மொத்தம் அதே 2,100 தான். ஒரு டொலர் கூடக் குறையாது.

இந்த வழி தானாக வந்து சேராது என்பதுதான் என் கவலை. திட்டத்தை அழைத்துக் கேட்டுச் சேர வேண்டும். அப்பாவைப் போல் ஆண்டின் தொடக்கத்தில் பெருந்தொகை வருபவருக்கே இது பயன். மாதம் இருபது டொலர் கட்டுபவருக்கும், ஆண்டின் கடைசி மாதங்களில் சேருபவருக்கும் பெரிய நன்மை இல்லை. தவணையைக் கட்டாமல் விட்டால் இந்த ஏற்பாட்டிலிருந்து நீக்குவார்கள். ஆனால் அதற்காக மருந்துக் காப்புறுதியை நிறுத்திவிட முடியாது.

ஹெந்தளை வாசகர்: என் தமையனார் எல்லைத் தொகையைக் கட்டி முடித்துவிட்டதாகச் சொல்கிறார். ஆயினும் ஒரு மருந்துக்கு முழு விலையும் கேட்கிறார்களாம். இது எப்படி?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று கருதுகிறேன். 2,100 டொலர் என்ற எண்ணைப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. அந்த எண்ணுக்குள் எது சேரும், எது சேராது என்பதைச் சிறிய எழுத்தில்தான் போட்டன.

எல்லையை நோக்கிக் கணக்கில் சேர்வது, திட்டத்தின் மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்கு, திட்டத்தின் மூலமாகக் கட்டிய பங்கு மட்டுமே. திட்டத்தில் இருப்பதற்காகக் கட்டும் மாதாந்தக் கட்டுப்பணம் சேராது. பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கட்டியது சேராது. கழிவு அட்டையைக் காட்டித் திட்டத்துக்கு வெளியே வாங்கியது பொதுவாகச் சேராது. வைத்தியரின் நிலையத்திலோ ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவிலோ நாளத்தில் ஏற்றும் மருந்துகள் பெரும்பாலும், வைத்தியர் சேவைக்கும் வெளிநோயாளர் சிகிச்சைக்கும் உரிய மெடிகெயார் பிரிவான பி பகுதியைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வழக்கமாக இருபது வீதம் கட்ட வேண்டும், அந்தப் பணமும் இந்த 2,100 இல் சேராது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களின் குடும்பத்தார் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நோய்க்குரிய மருந்தே குளிசையாக இருந்தால் ஒரு கணக்கிலும், ஏற்றும் மருந்தாக இருந்தால் வேறொரு கணக்கிலும் விழுகிறது.

தமையனாருக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாக இருக்கும்: அவர் எடுக்கும் மருந்து அவரது திட்டத்தின் பட்டியலில் இல்லை, அல்லது இந்த ஆண்டு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எல்லைக்கு மேற்பட்ட செலவில் பெரும்பங்கு இப்போது காப்புறுதிக் கம்பனிகளின் தலையில் விழுவதால், எந்த மருந்தைப் பட்டியலில் வைப்பது, எதற்கு முன்னனுமதி கேட்பது என்பதில் அவை முன்னரைவிட இறுக்கமாக இருக்கக் காரணம் உண்டு. இது சட்டத்தின் குறை என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லை வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பட்டியலில் உள்ள மாற்று மருந்து அவருக்கு ஒத்துவராது என்று வைத்தியர் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால், விதிவிலக்காக அந்த மருந்தைத் தரும்படி திட்டத்திடம் விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் கடிதம் கிடைத்து 72 மணித்தியாலத்துக்குள், உடல்நிலை அவசரமானால் 24 மணித்தியாலத்துக்குள், திட்டம் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். விதிவிலக்கு கிடைத்துவிட்டால் அந்த மருந்தும் எல்லைக் கணக்குக்குள் வந்துவிடும். புதிதாக ஒரு திட்டத்துக்கு மாறியவர்கள், பழைய மருந்து பட்டியலில் இல்லாவிட்டாலும், முதல் 90 நாட்களுக்குள் ஒரு முறை ஒரு மாத மருந்தை இடைக்காலமாகப் பெறலாம். அந்த ஒரு மாதத்தில் வைத்தியரைக் கண்டு கடிதம் வாங்கிவிட வேண்டும்.

தெஹிவளை வாசகி: அம்மா இன்சுலின் ஏற்றுகிறார். அதற்குத் தனிச் சலுகை உண்டா?

உண்டு. 2023 ஜனவரி முதல், டி பகுதித் திட்டத்தின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வகை இன்சுலினுக்கும் மாதம் 35 டொலருக்கு மேல் அறவிட முடியாது. தொடக்கத் தொகையைக் கட்டி முடிக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இரண்டு வகை இன்சுலின் ஏற்றினால் இரண்டுக்கும் தனித்தனியாக 35 டொலர் வரை வரும். பம்பு மூலம் ஏற்றும் இன்சுலினுக்கு அதே எல்லை 2023 ஜூலை முதல் பி பகுதியிலும் உண்டு. அக்கி நோய்த் தடுப்பூசி போன்று, வளர்ந்தோருக்குப் பரிந்துரைக்கப்பட்டு டி பகுதியின் கீழ் வரும் தடுப்பூசிகளும் 2023 முதல் இலவசம். அம்மா அதைப் போட்டுக்கொண்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்: நான் அமெரிக்கப் பிரஜை. முப்பது ஆண்டுகள் அங்கே வேலை செய்து ஓய்வுபெற்று, கொழும்பிலேயே குடியிருக்க வந்துவிட்டேன். மெடிகெயார் அட்டை கையில் இருக்கிறது. இங்கே காலி வீதி மருந்தகத்தில் வாங்கும் மருந்தின் ரசீதை அனுப்பி டி பகுதியில் பணம் பெறலாமா?

முடியாது. மெடிகெயார் மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக அமெரிக்காவுக்கு வெளியே பெறும் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதில்லை. வெளிநாட்டில் வாங்கிய மருந்துக்கு டி பகுதி பணம் கொடுப்பதே இல்லை. அத்துடன், டி பகுதித் திட்டத்தில் இருப்பதற்கு அத்திட்டம் இயங்கும் பிரதேசத்தில் வசிக்க வேண்டும். தாங்கள் நிரந்தரமாகக் கொழும்புக்கு வந்துவிட்டதைத் திட்டத்துக்கு அறிவிப்பதே முறை. அறிவிக்காமல் மாதாமாதம் கட்டுப்பணம் கட்டுவது பயன் தராத செலவு.

பி பகுதி வேறு விடயம். அதை நீங்கள் கொழும்பிலிருந்தே கட்டணம் கட்டித் தொடரலாம். 2026 இல் வழமையான கட்டணம் மாதம் 202 டொலர் 90 சதம். இங்கே அதனால் எந்த நன்மையும் இல்லாதபோது ஏன் கட்ட வேண்டும் என்று தோன்றும். கைவிட்டுவிட்டுப் பின்னொரு நாள் திரும்பினால், பொதுச் சேர்க்கைக் காலமான ஜனவரி முதல் மார்ச் வரை காத்திருக்க நேரலாம். கைவிட்டிருந்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் பத்து வீதம் மேலதிகக் கட்டணம் வாழ்நாள் முழுவதும் தொடரும். எழுபத்தைந்து வயதில் பிள்ளைகளிடம் திரும்பிப் போகும் எண்ணம் சிறிதாவது இருக்குமானால், அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

டி பகுதியில் அந்த அளவு கடுமை இல்லை. வெளிநாட்டில் குடியிருந்த காலம் தாமதத் தண்டத்துக்குக் கணக்கிடப்படுவதில்லை. திரும்பிய மாதத்தின் பின் இரண்டு மாதங்களுக்குள் புதிதாக ஒரு திட்டத்தில் சேர்ந்துவிட வேண்டும். கொழும்பில் வசித்ததற்கான சான்றுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். குறுகிய காலத்துக்கு ஊர் வந்து போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவுமில்லை. புறப்படுமுன் மூன்று மாத மருந்தைத் திட்டத்தின் மூலமே வாங்கி வந்தால் போதும்.

வத்தளை வாசகி: என் தம்பி அம்மாவைக் கிரீன் கார்ட்டில் அழைத்திருக்கிறார். அம்மாவுக்கு 67 வயது. போய் இறங்கியதும் மெடிகெயார் கிடைக்குமா? தம்பி பதினைந்து வருடமாக அங்கே வரி கட்டுகிறாரே?

கிடைக்காது. நிரந்தர வதிவுரிமையுடன் போகும் 65 வயதுக்கு மேற்பட்டவர், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அங்கே வசித்த பின்னரே மெடிகெயாரில் சேர விண்ணப்பிக்கலாம். தம்பியின் உழைப்பு அம்மாவின் கணக்கில் சேராது. தாமோ கணவரோ அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து ஆண்டு வேலை செய்திருந்தால்தான் ஆஸ்பத்திரிக்குரிய ஏ பகுதி இலவசம். இல்லாவிட்டால் அதை விலைக்கு வாங்க வேண்டும், 2026 இல் மாதம் 565 டொலர் வரை. ஆனால் டி பகுதியில் சேர ஏ பகுதியோ பி பகுதியோ ஒன்று இருந்தால் போதும். ஐந்து ஆண்டு நிறைந்ததும் பி பகுதியை மட்டும் எடுத்து, அதனோடு டி பகுதியைச் சேர்த்து மருந்துச் செலவின் எல்லையைப் பெற முடியும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அப்போது காவல் இல்லை என்பதையும் தம்பி நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் தனியார் காப்புறுதியே வழி. 2,100 டொலர் எல்லை அதற்குப் பொருந்தாது. உரிமை வந்தபின் டி பகுதியில் சேராமல் தாமதிக்கவும் கூடாது. ஈடான வேறு மருந்துக் காப்புறுதி இன்றித் தொடர்ந்து 63 நாட்களோ அதற்கு மேலோ கழித்தால், தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைக் கட்டுப்பணத்தில் ஒரு வீதம் தண்டமாகச் சேரும். 2026 இல் அந்த அடிப்படை 38 டொலர் 99 சதம். இரண்டு வருடம் தாமதித்தவர் மாதம் சுமார் 9 டொலர் 40 சதம் கூடுதலாகக் கட்டுவார், டி பகுதியில் இருக்கும் வரை. இப்போது மருந்தே எடுக்காதவர் என்றாலும், ஆகக் குறைந்த கட்டணமுள்ள திட்டமொன்றில் சேர்ந்து வைப்பதே நல்லது.

மட்டக்குளி வாசகர்: மாமாவுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு டொலர்தான் வருமானம். இரண்டாயிரத்து நூறு டொலர் அவருக்குப் பெருந்தொகை. வேறு உதவி உண்டா?

நிச்சயமாக உண்டு. குறைந்த வருமானமுள்ளோருக்கு டி பகுதியிலேயே மேலதிக உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரி முதல், கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 150 வீதம் வரை வருமானமுள்ள அனைவருக்கும் அதன் முழு நன்மை விரிவாக்கப்பட்டது. 2025 இன் அளவுகோலின்படி தனியாள் ஒருவருக்கு அது ஆண்டுக்கு 23,475 டொலர்; மாமாவின் வருமானம் 18,000 டொலர் என்பதால் அதற்குள் வருகிறார். சேமிப்புக்கும் எல்லை உண்டு, தனியாளுக்கு அந்த ஆண்டில் 17,600 டொலர். குடியிருக்கும் வீடும் காரும் அதில் கணக்கிடப்படுவதில்லை. சேர்ந்தவர் தொடக்கத் தொகை கட்டத் தேவையில்லை. 2025 இல் ஜெனரிக் மருந்துக்கு ஆகக்கூடியது 4 டொலர் 90 சதம், பிராண்ட் மருந்துக்கு 12 டொலர் 15 சதம் என்ற அளவில்தான் கட்டினார்கள். அதன்பின் மிகச் சிறிய உயர்வே உண்டு. விண்ணப்பம் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில், கட்டணமில்லை. தகுதி இருந்தும் அரசிடம் கையேந்துவதாக எண்ணி விண்ணப்பிக்காத நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: சட்டம் அவருக்கென்று ஒதுக்கிய உரிமை இது. மாமாவை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை, இன்னொரு வாசகி: இங்கே மருந்து மலிவாக இருப்பதால் மாதாமாதம் அண்ணாவுக்குப் பொதியில் அனுப்புகிறேன். தொடரலாமா?

நிறுத்திவிடுங்கள். தனிப்பட்ட பாவனைக்காயினும் வெளிநாட்டிலிருந்து மருந்து வரவழைப்பதை அமெரிக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. பொதி சுங்கத்தில் தடுக்கப்பட்டால் அண்ணா மருந்தின்றி இருக்க வேண்டிவரும். தபாலில் போகும் மருந்து பல நாள் வெயிலிலும் வெக்கையிலும் கிடக்கிறது. அண்ணாவின் மருந்தக ஏட்டில் அது பதிவாகாததால், புதிய மருந்தொன்றுடன் அது முரண்படுமா என்பதை அங்குள்ள மருந்தாளர் அறிய வழியில்லை. இவ்வளவுக்கும் மேலாக, இங்கே வாங்கிய எதுவும் எல்லைக் கணக்கில் சேராது; எல்லை இல்லாத காலத்தில் அந்த அன்பில் ஓர் இலாபம் இருந்தது, இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை.

கிருலப்பனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அமெரிக்கா பற்றியே எழுதுகிறீர்கள். நமது ஓய்வூதியருக்கு இத்தகைய எல்லை உண்டா?

ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் மருந்துக்குச் செலவாகாது என்ற எல்லை இங்கு இல்லை. நம்மிடம் இருப்பது வேறு வகையான காவல். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிந்தவருக்கு மருந்து இலவசம்; அது அமெரிக்க ஓய்வூதியருக்கு இல்லாத பேறு. ஆனால் கிளினிக்கில் மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தரும் நாளில் அந்தக் காவல் முடிந்துவிடுகிறது. 2022 இன் நெருக்கடியில் அதை எல்லோரும் அனுபவித்தோம். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் அக்ரஹார எனும் மருத்துவக் காப்புறுதித் திட்டம் முக்கியமாக ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சையை நோக்கியது; மாதாமாதம் வெளியில் வாங்கும் பிரஷர் குளிசையின் சுமையை அது தாங்குவதில்லை.

விலைக்கட்டுப்பாடு உண்டு. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ், 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்தகங்களும் இருக்கின்றன. தாங்கள் செய்யக்கூடியது: சிட்டையில் மருந்தின் பொதுப் பெயரையும் எழுதும்படி வைத்தியரைக் கேளுங்கள், ஒசுசலவில் விலை கேட்டுவிட்டு வேறிடம் போங்கள். இங்கே ஓய்வூதியம் பெறுபவரின் வெளிநோயாளர் மருந்துச் செலவுக்கும் ஓர் ஆண்டு எல்லை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான கோரிக்கையை ஓய்வூதியர் சங்கங்கள் எழுப்ப வேண்டும்.

கொள்ளுப்பிட்டி வாசகர்: இங்கிருந்து அம்மா அப்பாவுக்காக நான் என்ன செய்ய முடியும்?

ஆண்டுதோறும் ஒக்டோபர் 15 முதல் டிசெம்பர் 7 வரை திட்டத்தை மாற்றும் காலம். மாற்றினால் ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வரும். அதற்கு முன் செப்டெம்பரிலேயே, அடுத்த ஆண்டின் மாற்றங்களை விளக்கும் கடிதம் திட்டத்திலிருந்து அவர்களுக்கு வந்துவிடும். பெரும்பாலான முதியவர்கள் அதைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டின் பட்டியலில் இருக்கிறதா, முன்னனுமதி கேட்கிறார்களா, அவர்கள் வழக்கமாகப் போகும் மருந்தகம் திட்டத்தின் வலையமைப்பில் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். மாதக் கட்டுப்பணம் பத்து டொலர் குறைவு என்பதற்காக மட்டும் திட்டத்தை மாற்ற விடாதீர்கள். பட்டியலில் இல்லாத ஒரே ஒரு மருந்து அந்த மிச்சத்தை ஒரு மாதத்தில் விழுங்கிவிடும்.

எந்தத் திட்டம் பொருத்தம் என்பதை ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள இலவச மெடிகெயார் ஆலோசனைச் சேவையிடம் கேட்கலாம். அவர்கள் எந்தக் கம்பனியின் திட்டத்தையும் விற்பவர்கள் அல்லர். மெடிகெயாரின் 1-800-633-4227 என்ற தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் உதவி கேட்கும் வசதியும் உண்டு. தாமாக அழைத்து அட்டை இலக்கத்தைக் கேட்பவர்களிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று பெற்றோரை எச்சரியுங்கள். அவர்களுக்காக நீங்களே மெடிகெயாருடன் பேச விரும்பினால், உங்களுக்கு அனுமதி கொடுத்து அவர்கள் எழுத்தில் ஒப்பமிட்டுப் படிவம் அனுப்ப வேண்டும். அதை ஒக்டோபருக்கு முன்பே முடித்து வையுங்கள். மூவருமாகச் சேர்ந்து பேசுவதாயின், ஒக்டோபரில் கொழும்பில் மாலை ஏழு மணியாகும்போது நியூ யோர்க் பக்கத்தில் காலை ஒன்பதரை. அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரம் அது.